வீட்டுப்பாடமா, கடமையா?

அரபு மாணவன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரையில், ‘டியூட்டி’யை முடித்துவிட்டு உறங்கினேன் என்று எழுதுகிறான். இந்த வயதில் இவனுக்கு என்ன உத்தியோகம் என்று படிப்பவர் திகைக்கிறார். அவன் சொல்ல வந்தது வீட்டுப்பாடத்தை. அரபு நாட்டுப் பள்ளிகளில் அதற்குப் பெயர் ‘வாஜிப்’. நமக்கு அச்சொல் மார்க்கச் சட்டத்தின் வழியே அறிமுகமானது. கடமை என்றே பொருள் கொள்கிறோம். அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. அதை நம்பியதைத் தவிர அவன் வேறு தவறு செய்யவில்லை.

அரபு மொழியினரின் ஆங்கிலத்தில் காணப்படும் இத்தகைய சொற்பிழைகளை அறியாமை என்று ஒதுக்குவது தகாது என்பதே நம் கருத்து. பொருள்களை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகப் பகுத்து வைத்திருக்கிறது. ‘மக்தபா’ என்பது நூலகத்தையும் குறிக்கும். புத்தகக் கடையையும் குறிக்கும். ஆகவேதான் வளைகுடாக் கடைவீதியில் ‘லைப்ரரி’ என்ற பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தால் பேனாவும் நோட்டும் விற்கிறார்கள். ‘கஸப’ என்னும் ஒரே வினை சம்பாதித்தலுக்கும் வெல்லுதலுக்கும் பொருந்துவதால், எழுதுபவர் ஊதியத்தை ‘வின்’ செய்துவிடுகிறார். கற்றலும் கற்பித்தலும் ஐன், லாம், மீம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ‘டீச்’ வர வேண்டிய இடத்தில் ‘லேர்ன்’ வந்து அமர்வதில் வியப்பில்லை. பேச்சரபியில் விளக்கைத் ‘திறப்பார்கள்’, சிகரெட்டைக் ‘குடிப்பார்கள்’.

சிகரெட்டைக் குடிப்பதாகத் தமிழிலும் சொல்கிறோம். (குடிக்காதிருப்பதே நலம் என்பது வேறு செய்தி.) மாத்திரையைச் ‘சாப்பிடுவதையும்’ விளக்கைப் ‘போடுவதையும்’ அப்படியே ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்பவர்கள் நம்மிலும் உண்டு. ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்ற பன்மை இரு சாராருக்கும் பொது. அவர்களுக்கு ‘மஃலூமாத்’, நமக்குத் ‘தகவல்கள்’. இவ்வாறிருக்க, அரபு மேலாளரின் மின்னஞ்சலைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரப்பி நகைப்பது எவ்வகை நியாயம்? பரிகாசத்தைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஓதப்படும் வீடுகள்தாமே அவை? பிள்ளைகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிடும் ஆசிரியராலும் பெரிய உதவி இல்லை. சொல்லுக்குச் சொல் எதிரெதிரே எழுதிய பட்டியலை மனனம் செய்ததால் வந்த இடர் இது. அரபு பயிலும் நம் பிள்ளைகளின் கையிலும் பெரும்பாலும் அதே பட்டியலைத்தான் தருகிறோம். ஊதியத்தோடு எந்த வினை சேரும், போட்டியோடு எது சேரும் என்று சொல்லை அதன் துணையோடு கற்பிக்க வேண்டும். ‘வாஜிப்’ என்பதற்கு நேரே தொழுகையைப் பற்றி ஒரு வாக்கியமும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதச் செய்தால், அதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும்.