கொல்லிப்பாவையின் சிரிப்பு

பழைய கார் வாங்கச் செல்கையில் நாம் முதலில் நோக்குவது ஓடிய கிலோமீட்டர்க் கணக்கை. அது குறைவாயிருந்தால் பல்லாண்டுச் சேமிப்பை நீட்டிவிடுகிறோம். சிரித்தே உயிர் கவரும் கொல்லிப்பாவையின் கதையை அறிந்த நாம், அந்தச் சிற்றெண்ணின் சிரிப்பை அறிவதில்லை.

காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை சேரும் மாருதி 800ஐ எண்ணிப் பாருங்கள். எஞ்சின் 796 சிசிதான், வண்டியும் இலேசு. ஆயினும் ஐவர் அமர்ந்தபின் அந்த இலேசு ஏது? நான்காம் கியரைவிட இரண்டாம் கியரில், அதே ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் இரு மடங்குக்கும் மேல் சுழல்கிறது. கிளட்சும் பிரேக்கும் உடன் தேய்கின்றன. மீட்டரோ ஒன்றென்றே எழுதுகிறது.

ஆகவே, மலையில் நாற்பதாயிரம் ஓடியதைவிடச் சமவெளியில் எண்பதாயிரம் ஓடியது இளையதாயிருக்கலாம். எவ்வளவு ஓடியது என்பதோடு, எங்கே ஓடியது, ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்றும் கேட்போம். கடந்த தூரமன்று, பட்ட பாடே வயது.