ஏக்கருக்கு மானியம், ஆளுக்கு?

ரப்பர் மறுநடவு மானியத்தின் கதையைத் தோட்டப் பாட்டாளி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1952ஆம் ஆண்டில் மலாயாவில் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பருக்கு ராத்தலுக்கு 4½ காசு தீர்வை பிடிக்கப்பட்டது. கிழட்டு மரங்களை அழித்து உயர்ரகக் கன்று நடும் சிறுதோட்டக்காரருக்கு ஏக்கருக்கு 400 வெள்ளி என்று திட்டம் தொடங்கியது. தொகை பின்னர் உயர்ந்தது. 1973இல் அந்தப் பொறுப்பு ரிஸ்டா என்னும் வாரியத்திடம் வந்தது.

திட்டத்தை நாம் குறை கூறவில்லை. அது இல்லையேல் ஏழைச் சிறுதோட்டக்காரர் பலர் நிலத்தையே விற்றிருப்பார்கள். நம் கேள்வி வேறு. தீர்வை கட்டிய ஒவ்வொரு ராத்தலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவரின் உழைப்பன்றோ? மானியம் ஏக்கரைக் கண்டது. அந்த ஏக்கரில் நின்ற ஆளைக் கண்டதா?

புதுக் கன்று பாலுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நிலத்துக்காரருக்கு மானியம் தவணை தவணையாக வரும். அவர் மரத்தைப் பங்குக்கு வெட்டியவருக்கோ, மரம் சாய்ந்த அன்றே பிழைப்பும் சாய்ந்தது. செக்ரோலில் பெயர் உள்ளவர் மாற்று வேலையாவது கேட்கலாம். பங்குக்காரருக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை.

ஆகவே, மறுநடவு மனு ஒவ்வொன்றிலும் அம்மரங்களை வெட்டிப் பிழைத்தவரின் பெயரும் எழுதப்பட வேண்டும். கன்று வளரும் காலத்துக்கு அவருக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட வேண்டும்.

தோழர்களே! பங்குக்கு வெட்டுவோர் தம் பெயரையும் வெட்டும் ஏக்கரையும் சங்கக் கிளையில் இப்போதே எழுதிக் கொடுங்கள். பெயர் தெரியாத ஆளுக்காக எவரிடமும் வாதாட முடியாது.