ஈரலைச் சொல்லக் கூசும் ஆரோக்கியக் குறிப்புகள்

ரத்தசோகைக்கு என்ன சாப்பிடலாம் என்று யாரைக் கேட்டாலும் முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட், மாதுளை என்று பட்டியல் நீள்கிறது. ஈரல் வருவதில்லை, சுவரொட்டி வருவதில்லை. ரத்தப்பொரியலும் மாட்டுக்கறியும் வரவே வராது. எழுதுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன? ரத்தம் குறைந்தால் சுவரொட்டி வாங்கிக் கொடு என்பது நம் கிழவிகளுக்கே தெரிந்த வைத்தியம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவதும் வகுப்பில் கண் சொருகுவதும் இதனால்தான். அதைச் சோம்பேறித்தனம் என்று வாத்தியார் சொல்வார், நாமும் நம்பிவிடுவோம்.

கீரையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. ஈரல், ரத்தம், மாட்டுக்கறி இவற்றில் உள்ள இரும்பு அதைவிட எளிதாகச் சேர்கிறது. கூடவே ஒரு துண்டு கறி இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். முருங்கைக்கீரைக் குழம்பும் மாட்டுக்கறி வறுவலும் ஒரே தட்டில் இருப்பதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.)

விலை குறைவான, சத்து மிகுந்த இந்த உணவைத்தான் அசிங்கம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2018இல் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அங்கேயே அப்படியென்றால், வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கறி சமைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூச்சத்தில் கறியை விட்டுவிட்டு டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறவர்களை நமக்குத் தெரியும்.

நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது அந்த டீயைத்தான். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, உணவில் உள்ள இரும்பு, குறிப்பாகக் கீரை, தானியத்தில் உள்ள இரும்பு, உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. காபியும் அப்படித்தான். வயல் வேலையிலும் சித்தாள் வேலையிலும் பசியை அமுக்கத்தான் நம் அம்மாக்கள் டீ குடித்துப் பழகினார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே சொல்கிறோம்: சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், பிறகு ஒரு கொய்யா தின்னுங்கள், நெல்லிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. இவை இரும்பைச் சேர்க்க உதவும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையைப் பல பிள்ளைகள் தூக்கி எறிகிறார்கள். வயிற்றைப் புரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்துவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் போதும். டீயோடு விழுங்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். ரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

'தண்ணீர் நிறையக் குடி' என்பதையும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் இருப்பாள், சிறுநீர்த் தொற்றும் வரும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தார்கள். அந்த ஊர்த் தாயிடம் போய் எட்டு டம்ளர் கணக்குச் சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியவர்கள் குடிக்கிறவர்கள் இல்லை.

விடுதியில் இருக்கும் தோழர்கள் இந்த மாதமே ஒன்று செய்யலாம். உணவுக் குழுவில் உட்கார்ந்து, சாப்பாட்டோடு வரும் டீயை நான்கு மணிக்குத் தள்ளி வைக்கக் கேளுங்கள். வாரம் ஒருநாள் ஈரல் கேளுங்கள். மாட்டுக்கறி ஏன் பட்டியலில் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.