"எந்த காலேஜ்? எந்த ரூட்டு?" பெயரைக் கேட்பதற்கு முன்பே எதிரியாகும் மாணவர்கள்

சென்னையில் காலை நேரத்தில் பஸ்சிலோ, மின்சார ரெயிலிலோ ஏறும் ஒரு கல்லூரி மாணவனிடம் இன்னொரு மாணவன் முதலில் கேட்பது அவன் பெயரை அல்ல. "எந்த காலேஜ்? எந்த ரூட்டு?" என்பதுதான் முதல் கேள்வி.

பதில் வந்ததுமே, எதிரே நிற்பவன் நண்பனா எதிரியா என்று முடிவாகிவிடுகிறது. அவன் எப்படிப்பட்டவன், எந்த ஊர், அப்பா என்ன வேலை பார்க்கிறார், எதுவும் தெரியாது. முத்திரை குத்தியாச்சு, அவ்வளவுதான்.

எல்லா மாணவர்களும் இப்படி இல்லை. ஒரு கல்லூரியில் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். கத்தி எடுப்பவன் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அந்த முத்திரையைச் சுமப்பது மொத்த கல்லூரியும்.

5 நாள் போராடி இறந்த மாணவர்

2024-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. சென்னை சென்டிரல் ரெயில் நிலையம் அருகே மாநில கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரை ஒரு கும்பல் சரமாரியாகத் தாக்கியது. திருத்தணி பக்கம் உள்ள கிராமத்தில் இருந்து தினமும் ரெயிலில் வந்து படித்தவர் அவர். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடி அக்டோபர் 9-ந் தேதி இறந்து போனார். இந்த வழக்கில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் 5 பேரை போலீசார் கைது செய்தனர்.

அவர் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவில் இருக்கும் பகை அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. யாரோ எப்போதோ போட்ட சண்டை. கணக்கு தீர்க்கப்பட்டது இவர் மேல்.

ஒரே காலேஜ், வேற வேற ரூட்டு

"ரெண்டு காலேஜுக்கும் ஆகாது, அதான் சண்டை" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

2019-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அரும்பாக்கத்தில் 29இ பஸ்சில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டப்பகலில் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் பஸ்சுக்குள் பாய்ந்தனர். பெண்களும் பெரியவர்களும் அலறி அடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். வெட்டியவர்களும் பச்சையப்பன் கல்லூரி. வெட்டு வாங்கியவர்களும் பச்சையப்பன் கல்லூரி. தகராறு, யார் எந்த ரூட்டுக்கு 'தல' என்பதில்.

'ரூட்டு தல' என்றால் என்ன? ஒரு குறிப்பிட்ட வழித்தடத்தில் வரும் மாணவர்களுக்குத் தலைவன். பஸ்சில் பாட்டுப் பாடி, பக்கவாட்டுத் தகரத்தில் தாளம் போட்டு வருவதை முன்னின்று நடத்துபவன். சீனியர் படிப்பை முடித்துப் போகும்போது அடுத்தவனுக்குப் பட்டம் கொடுத்துவிட்டுப் போகிறான். கூடவே பழைய பகையையும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கல்லூரி வேறு என்றால் கல்லூரியை வைத்துப் பிரிகிறார்கள். கல்லூரி ஒன்றாக இருந்தால் பஸ் நம்பரை வைத்துப் பிரிகிறார்கள். அடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டும், அது ஒரு நம்பர் பிளேட்டாக இருந்தாலும் போதும் என்றாகிவிட்டது.

பாம்பு கோஷ்டி, கழுகு கோஷ்டி

இது சென்னைப் பையன்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு கோடை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரி குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்தது இல்லை.

இரண்டு அணியாகப் பிரித்துத் தங்க வைத்தார்கள். ஒரு அணி பாம்பின் பெயரையும் இன்னொன்று கழுகின் பெயரையும் வைத்துக்கொண்டது. பிறகு விளையாட்டுப் போட்டி, ஜெயித்தால் பரிசு என்று அறிவித்தார்கள். சில நாட்களிலேயே ஒரு அணியின் கொடியை மற்ற அணி எரித்தது. தங்கும் அறைக்குள் புகுந்து சூறையாடினார்கள். "அவனுங்க மோசம், நாங்கதான் நல்லவங்க" என்று இரண்டு பக்கமும் பேசினார்கள்.

சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். பகை போகவில்லை, அங்கேயும் சண்டைதான். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. ஒரு அணியால் மட்டும் சரிசெய்ய முடியாத வேலை. எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்து லாரியை இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகள் சேர்ந்து செய்த பிறகுதான் பகை குறைந்தது.

முகாமை நடத்திய பெரியவர்களே சண்டையைத் தூண்டிவிட்டார்கள் என்று இந்தச் சோதனை மீது பிற்பாடு விமர்சனமும் வந்தது. இருக்கட்டும். நம்ம ஊரில் மட்டும் சண்டை தானாகவா வருகிறது? புதுசாக வரும் பையனுக்கு "அவனுங்களைப் பார்த்தா விடக்கூடாது" என்று சொல்லிக்கொடுக்க ஒரு சீனியர் இருக்கிறானே.

தென்மாவட்டங்களில் இந்த வேலையைக் கையில் கட்டும் கலர் கயிறு செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவை பள்ளிகளில் கூடாது என்று அதில் பரிந்துரைத்தது. ஆளைப் பார்க்கும் முன் அடையாளம் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்பதைப் புரிந்து சொன்ன யோசனை அது.

நாம் குத்தும் முத்திரை

பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஊரும் ஒரு முத்திரை வைத்திருக்கிறது. "பச்சையப்பாஸா? ரவுடிப் பசங்கப்பா" என்கிறோம். நாலு பையன்கள் சேர்ந்து நின்றால் டிரைவர் பஸ்சை ஸ்டாப்பிங்கில் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிறார். ஐடி கார்டைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. அரசு காலேஜ், தமிழ் மீடியம் என்றால் "இவன் என்னத்த படிச்சிருப்பான்" என்று ஒரு பார்வை.

அறிஞர் அண்ணா படித்தது பச்சையப்பன் கல்லூரியில்தான். கணித மேதை ராமானுஜனும் அங்கே படித்திருக்கிறார். மாநில கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், சந்திரசேகர் இரண்டு பேரும் நோபல் பரிசு வாங்கினார்கள். மத்திய அரசின் தரவரிசைப் பட்டியலில் 2022, 2023 இரண்டு வருடமும் நாட்டிலேயே 3-வது சிறந்த கல்லூரி மாநில கல்லூரிதான். இதெல்லாம் ஊர் வாயில் வருவதில்லை. கத்தி மட்டும்தான் வருகிறது.

"எப்படியும் நம்மள ரவுடின்னுதான் சொல்லப்போறான்" என்று ஒரு பையன் நினைத்துவிட்டால், நல்ல பெயரைக் காப்பாற்ற அவனுக்கு எதுவும் மிச்சம் இல்லை. வெளியே கிடைக்காத மரியாதையை ரூட்டுக்குள் தேடுகிறான். ஊர் குத்தும் முத்திரைதான் 'தல' பட்டத்துக்கு மவுசு ஏற்றுகிறது.

ஒரு கேஸ் விழுந்தால்...

இந்தப் பையன்கள் யார்? கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, அரக்கோணம், திருத்தணி, வடசென்னையில் இருந்து வருபவர்கள். ஆட்டோ ஓட்டுபவர், கட்டிட வேலை பார்ப்பவர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா ஆகியோரின் பிள்ளைகள். பல வீடுகளில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அடிப்பவன் வீட்டுக் கதையும் அடி வாங்குபவன் வீட்டுக் கதையும் ஒன்றுதான். இரண்டு பேரும் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். பேச விடாமல் தடுப்பது அந்த ஒரு கேள்வி.

வழக்கு பதிவானால் நஷ்டம் யாருக்கு? இவர்களில் பலருக்கு போலீஸ் வேலை ஒரு கனவு. அதற்கான விதிப்படி, வழக்கில் சிக்கி 'சந்தேகத்தின் பலனை' வைத்து விடுதலை ஆனவர்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால், கோர்ட்டு அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் வாங்குவதும் கஷ்டம். வெளிநாட்டு வேலையும் போச்சு. பட்டம் கொடுத்த சீனியர் அப்போது வந்து நிற்க மாட்டான்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு முறையும் போலீஸ் 'ரூட்டு தல'களைக் கூப்பிட்டு எழுதி வாங்குகிறது. பஸ் தினத்துக்கு ஐகோர்ட்டு தடை போட்டு வருடக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் 2019 ஜூனில் ஓடும் பஸ்சின் கூரை மேல் ஏறி ஆடிய மாணவர்கள், பிரேக் போட்டதும் கொத்தாகக் கீழே விழுந்ததை ஊரே பார்த்தது. அடக்குவது தேவைதான், அது மட்டும் போதவில்லை.

இரண்டு கல்லூரிப் பையன்களையும் கலந்து ஒரே அணியாக ஆட வைக்கலாம். மழை வெள்ள நிவாரணம், ரத்த தானம், ஏரி தூர்வாருதல் போன்ற வேலைகளில் என்.எஸ்.எஸ். மூலம் ஒன்றாக இறக்கலாம். எதிரெதிர் அணியாக நிறுத்தி கோப்பை கொடுத்தால் பழைய கதைதான் வரும். முதலாம் ஆண்டு மாணவன் சேர்ந்த முதல் வாரத்தில், சீனியர் அவனைப் பிடிப்பதற்கு முன்பு ஆசிரியர் அவனிடம் பேச வேண்டும்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. "யாரோட சுத்துற?" என்று எல்லா அப்பா அம்மாவும் கேட்கிறோம். சாப்பிடும்போது பையன் "அந்த காலேஜ்காரனுங்க" என்று பேச்சை ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்தி, "அவங்கள்ல யாரையாவது உனக்குப் பேர் சொல்லித் தெரியுமாப்பா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.