ஒரு கம்பி அறுந்தால்...

ஒரு வலையமைப்பு எவ்வளவு நம்பகமானது என்று கேட்டால், பலரும் பாகங்களின் தரத்தைத்தான் பார்ப்பார்கள். பாகங்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதல்லவா முதல் கேள்வி?

ஒரு சின்னக் கணக்கு. தலா 0.9 நம்பகத்தன்மை கொண்ட இரண்டு மின்தடங்கள். தொடராக இணைத்தால் மொத்தம் 0.81, பக்க இணைப்பில் 0.99. 1969இல் பிர்ன்பாம் தந்த அளவுகோல் இதைவிட ஒரு படி மேல். ஒரு தடம் வேலை செய்யும்போது மொத்த நம்பகத்தன்மை எவ்வளவு, அது செத்துவிட்டால் எவ்வளவு? வித்தியாசம்தான் அதன் முக்கியத்துவம். தொடரில் 0.9, பக்க இணைப்பில் வெறும் 0.1!

அப்படியானால் இணைப்புகளை அள்ளிப் போட்டால் போதுமா? அங்கேதான் சிக்கல். ஒன்று கெட்டால் மற்றது பாதிக்கப்படாது என்று இந்தக் கணக்கு நம்புகிறது. மின்சாரம் அப்படியில்லை, விழுந்த தடத்தின் சுமை அடுத்த தடத்தின் தலையில் ஏறும். 2012 ஜூலை 30 அதிகாலை பினா-குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டதும் வட இந்திய மின்தொகுப்பே சாய்ந்தது. அதன் இரண்டாவது சுற்று ஏற்கெனவே தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. (காகிதத்தில் பக்க இணைப்பு, அன்றைக்கு ஒற்றைக் கம்பி!) மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி.

தமிழ்நாடு தப்பியது. தெற்குத் தொகுப்பு அப்போது நேர்மின் இணைப்புகள் வழியாகவே மற்றவற்றோடு சேர்ந்திருந்தது. வடக்கின் அதிர்வெண் தள்ளாட்டம் இங்கே வரவில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் தடம் அந்தத் தனிமையை முடித்தது. தவறான முடிவல்ல, பற்றாக்குறையில் தவித்த தெற்குக்கு அது தேவைதான். ஆனால் புதுத் தடம் திறக்கும்போது எத்தனை மெகாவாட் வரும் என்று மட்டும் அறிவித்தால் போதாது. அது விழுந்தால் எந்தத் தடத்தில் எவ்வளவு சுமை ஏறும் என்ற எண்ணும் மக்கள் பார்வைக்கு வரவேண்டும், பராமரிப்புக்காக ஒரு சுற்றை நிறுத்திவைக்கும் நாட்களுக்கும் சேர்த்து.