மூச்சை இழுத்து விட்டால் சாதி போய்விடுமா?

உயர்கல்வி நிறுவனங்களில் இப்போது ஒரு புது வழக்கம். ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் ஒருவர் மனம் உடைந்தார் என்ற செய்தி வந்தால் போதும், உடனே 'மன அழுத்த மேலாண்மை'ப் பயிலரங்கம் நடத்திவிடுகிறார்கள். ஏ.சி. அரங்கில் ஒருவர் வந்து கண்ணை மூடச் சொல்வார், மூச்சை எண்ணச் சொல்வார், நல்லதையே நினையுங்கள் என்பார். அந்த மாணவரின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டுச் சிரித்தவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

மன அழுத்தம் மனப்பிரமை அல்ல, உடம்பில் நடக்கும் வேலை. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலினும் கார்டிசாலும் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. நாய் துரத்தினால் ஓடித் தப்ப இது தேவை. நாய் போனதும் எல்லாம் இறங்கிவிடும்.

துரத்துவது போகவே இல்லை என்றால்? வகுப்பறை, விடுதி, வாய்மொழித் தேர்வு, வாடகை வீட்டு வாசல் என்று எங்கே போனாலும் "உங்களுக்கு எந்த ஊரு, ஊருல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எந்த நேரத்தில் வருமோ என்று காத்துக் கிடக்கும் உடம்புக்கு இறக்கம் ஏது? முதலில் தூக்கம் போகிறது, பிறகு வயிறு. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் வருகின்றன.

'டென்ஷன் எல்லாம் பெரிய அதிகாரிகளுக்குத்தான்' என்ற கதையும் பொய். 1967இல் இலண்டனில் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, இதய நோயால் அதிகம் செத்தது மேலதிகாரிகள் அல்ல, கடைநிலை ஊழியர்களே என்று காட்டியது. புகைப்பழக்கம் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. அங்கே அது பதவி அடுக்கு. இங்கே பிறப்பிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த அடுக்கு என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் சிறுவர்களும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய சமமாகவே தீர்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் உரக்கப் படித்ததும் தலித் சிறுவர்களின் திறன் சட்டென்று சரிந்தது. அதே பிள்ளைகள், அதே மூளை. 'தகுதி, திறமை' என்று கூவுகிறவர்கள் இந்த ஆய்வைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை தோரட் குழு 2007லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவையும், 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வியையும் இழந்தோம். ரோகித், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து ஆய்வு மாணவர்களில் ஒருவர். பாயலைச் சாதி சொல்லித் துன்புறுத்தியதாக மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு. இவர்களுக்குக் குறைந்துபோனது மூச்சுப் பயிற்சியா?

இதற்காக வைத்தியமே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், தோழர்களே, தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் போடுங்கள். நம்பிக்கையான நாலு பேரோடு சேர்ந்து இருங்கள். படிப்பு வட்டங்களும் மாணவர் அமைப்புகளும் கொள்கை பேச மட்டும் அல்ல, ஆளைத் தனியாக விடாமல் இருக்கவும்தான். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடத்தான் வேண்டும். சாக்கடையை மூடச் சொல்லியும் கேட்கத்தான் வேண்டும்.

ரோகித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் ஆபேதாவும் 2019இல் அதைத்தான் செய்தார்கள். சேர்ந்து உச்சநீதிமன்றம் போனார்கள். யோகா வகுப்பு கேட்டுப் போகவில்லை. சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் போட்ட விதிகளை நடைமுறைப்படுத்தச் சொல்லித்தான் போனார்கள். அடுத்த பயிலரங்க அழைப்பிதழ் வரும்போது நிர்வாகத்திடம் நாமும் கேட்போம்: உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? அவரிடம் இதுவரை எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுத்தீர்கள்?