பாதியில் திரும்பினால் தோல்வியா?

லடாக்குக்கு பைக்கில் போய் வந்தவர்களின் ஆல்பத்தில் ஒரு படம் தவறாமல் இருக்கும். கர்துங் லா உச்சியில் இருக்கும் பலகை, அதன் முன்னால் ஒரு பைக், பக்கத்தில் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் ஆள். கோடையில் எடுத்த படம் என்றால் பத்தோடு பதினொன்று. சுற்றிலும் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருந்தால் அதற்குக் கிடைக்கும் மரியாதையே தனி! பிரச்சினையே இந்த மரியாதைதான்.

முதலில் அந்தப் பலகை. பல வருடங்களாக அதில் 18,380 அடி என்றும், வண்டி போகும் சாலைகளில் உலகத்திலேயே உயரமானது என்றும் எழுதியிருந்தது. அளந்து பார்த்தவர்களின் கணக்குப்படி உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான். லடாக்கிலேயே இதைவிட உயரமான சாலைகள் வந்துவிட்டன. 2021இல் கின்னஸ் சான்று பெற்ற உம்லிங் லா சாலையின் உயரம் 19,024 அடி. ஆக, உயிரைப் பணயம் வைத்துப் போய் நின்று எடுத்த அந்தப் படத்தில், பலகையில் இருந்த எண்ணே சரியில்லை. :)

சரி, விஷயத்துக்கு வருவோம். 'லா' என்றால் அந்தப் பக்கத்து மொழியில் கணவாய். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெறும் 40 கிலோமீட்டரில் கர்துங் லா. அதற்குள் 1,800 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மணாலியிலிருந்து லே வரும் சாலை குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். கர்துங் லாவை அப்படி விட்டுவிட முடியாது. அதைத் தாண்டித்தான் நுப்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது, அதற்கும் அப்பால் சியாச்சின். அதனால் ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் எல்லைச் சாலைகள் அமைப்பின் ஆட்கள் பனியை வெட்டி வழி உண்டாக்குகிறார்கள். குளிர்காலத்திலும் அந்தச் சாலை திறந்திருப்பது ராணுவத்துக்காகவும் உள்ளூர் மக்களுக்காகவும். படம் எடுக்கிறவர்களுக்காக அல்ல.

அங்கே பைக்கில் போவது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொள்ளப் பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும். காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியின் மேல் டயரின் பிடிப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. சமதரையிலேயே நிற்க 35 மீட்டர் வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவாக இருந்தால்? கணக்குப்படி வண்டி நிற்கவே நிற்காது. அவ்வளவுதான். ஓட்டுகிறவர் இருபது வருட அனுபவசாலியா, நேற்று லைசென்ஸ் வாங்கியவரா என்று பனிக்கட்டி பார்ப்பதில்லை.

அந்தப் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரிந்தாலாவது பரவாயில்லை. பகல் வெயிலில் ஓரத்துப் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும். வெயில் இறங்கியதும் அதே தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். கீழே இருக்கும் தாரின் கறுப்பு அப்படியே தெரிவதால் சும்மா ஈரமாக இருப்பதுபோல்தான் தோன்றும். 'பிளாக் ஐஸ்' என்பது இதைத்தான். கார் வழுக்கினாலும் நான்கு சக்கரத்தில் நிற்கும். டயரில் சங்கிலி மாட்டினால் ஓரளவு பிடிப்பும் கிடைக்கும். பைக் வழுக்கினால் விழும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் விழுவது என்பது ஓட்டுகிறவர் கையில் இல்லை.

கை என்றதும் ஞாபகம் வர வேண்டியது குளிர். வெளியே மைனஸ் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் போனால் எதிர்காற்றில் தோலுக்கு அது மைனஸ் 21 டிகிரி மாதிரி இருக்கும். முதலில் மரத்துப் போவது விரல்கள். பைக்கில் முன் பிரேக்கும் கிளட்ச்சும் இருப்பது அந்த விரல்களில்தான்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதிதான். எஞ்சின் திணறுவது காதுக்குக் கேட்கும். மூளை திணறுவது கேட்காது. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, போயிடலாம்" என்று சொல்வது அந்தத் திணறும் மூளை. போகலாமா திரும்பலாமா என்ற முடிவை உச்சிக்குப் பக்கத்தில் போய் எடுப்பது, பரீட்சைத் தாளை எழுதியவனே திருத்தி மார்க் போட்டுக்கொள்வது மாதிரி.

மலையேறுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எவரெஸ்ட்டில்கூட 'திரும்பும் நேரம்' என்று ஒன்றைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்வார்கள். அந்த நேரத்துக்குள் உச்சி வரவில்லை என்றால், அது கண்ணுக்கு எதிரிலேயே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அப்படித் திரும்பியவரை அவர்கள் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதில்லை. பைக் கூட்டத்தில் மட்டும் "எவ்வளவு தூரம் வந்துட்டு திரும்புறதா?" என்ற கேள்விதான் வீரம். லே பக்கத்தில் சவுத் புல்லு சோதனைச்சாவடியில் தடுத்து நிறுத்தினால் அங்கேயே வாக்குவாதம். கெஞ்சல், மிரட்டல், 'ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்' என்ற சென்டிமென்ட்... எல்லாம் நடக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தாலும் பனிச்சரிவு வழிவிடுமா என்ன?

"என் உயிர், என் இஷ்டம்" என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் ஒருவர் விழுந்தால் அவர் மட்டும் விழுவதில்லை. தூக்க ஆள் வர வேண்டும், அவர்களும் அதே பனியில்தான் வர வேண்டும். 2019 ஜனவரி 18ஆம் தேதி கர்துங் லா அருகே பனிச்சரிவில் பத்துப் பேர் வண்டிகளோடு புதைந்தார்கள். உடல்களைத் தேடி எடுக்கும் வேலை நாட்கணக்கில் நடந்தது. தேடியவர்களுக்கும் அதே குளிர், அதே மலை.

இந்தச் சாலைகளைப் போட்டுப் பராமரிக்கும் தொழிலாளர்களில் கணிசமானவர்கள் ஜார்க்கண்டிலிருந்து, குறிப்பாகத் தும்கா பகுதியிலிருந்து, பிழைப்புக்கு வருகிறவர்கள். 2020இல் ஊரடங்கின்போது லடாக்கில் மாட்டிக்கொண்ட 60 தொழிலாளர்களை ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ராஞ்சிக்குக் கூட்டி வந்தபோதுதான் இப்படி ஒரு கூட்டம் அங்கே இருப்பதே பலருக்குத் தெரிந்தது. பலகைப் படங்களில் அவர்கள் வருவதில்லை. 'கணவாயை வென்றேன்' என்று எழுதுகிறவர்கள், வெல்வதற்கு ஒரு சாலையைப் போட்டுக் கொடுத்தது யார் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் குறைந்தா போய்விடும்?

இன்னொன்றையும் யோசிக்கலாம். ரோத்தாங் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌல் மக்கள், குளிர்காலம் வந்தால் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் கிடந்தவர்கள். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தபோது அவர்களுக்கு அது பெரிய விடுதலை. பனிக் கணவாயோடு வாழ்ந்தவர்கள் ஆசைப்பட்டது அதைக் கடக்காமல் இருக்க ஒரு வழி. வெளியூர்க்காரர் விமானம் பிடித்து வந்து ஆசைப்படுவது அதைக் கடக்க!

அதற்காகக் குளிர்காலத்தில் யாருமே போகக் கூடாது என்பதல்ல. ஆசைப்படுவதில் தப்பில்லை. குறைந்தது இரண்டு நாள் லேயில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, முந்தின நாள் சாலை நிலவரம் கேட்டு, எந்த நேரமானால் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துகொண்டு, சாவடியில் 'வேண்டாம்' என்று சொன்னால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரத் தயாராக இருப்பவர் தாராளமாகப் போகட்டும்.

அப்படித் திரும்பி வந்தவரும் ஒரு படம் போட வேண்டும். மூடிய தடுப்புக்கம்பிக்கு முன்னால் நிற்கும் பைக்கின் படம். அதற்கும் 'சூப்பர் மச்சி' என்று நாலு பேர் எழுதினால், அடுத்து கிளம்புகிறவனுக்குத் திரும்புவது கொஞ்சம் சுலபமாகும். கணவாய் எங்கேயும் போய்விடாது. கோடையிலும் அங்கேயேதான் இருக்கும்.